இரண்டு வருடத்துக்கென்று போன டெல்லி

டெல்லியில் வேலை இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டு போன் வந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட நிறைந்திருக்கவில்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் ஒரு ஆங்கில நாளிதழுக்குப் புதுச்சேரியிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபர். குப்பை, குடிதண்ணீர், துறைமுகத்தில் மணல் மூடியது, இப்படித்தான் என் செய்திகள். பத்திரிகையின் உள்பக்கத்தில் ஒரு மூலையில், பெயர் இல்லாமல் வரும்.

என்னை டெல்லி வரைக்கும் இழுத்தது ஒரே ஒரு கட்டுரை. கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரும் அவர் மனைவியும் பிரெஞ்சுக் குடிமக்கள். அங்கே ஜனாதிபதித் தேர்தல் நடந்தால் இவர்கள் இங்கே வரிசையில் நின்று ஓட்டுப் போடுவார்கள். ஒரு தேர்தலன்று நானும் கூடவே போனேன். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்த அந்த அம்மா, வரிசையில் நின்றபடி என்னிடம் சொன்னார்:

"நான் அந்த ஊர கண்ணால பாத்ததே இல்லம்மா. ஆனா அதுக்கு யாரு பெரியவருன்னு நான்தான் வந்து சொல்லணுமாம். இன்னா வேடிக்க பாரு."

அதை அப்படியே எழுதினேன். முதல் பக்கத்தில், என் பெயரோடு வந்தது. சில மாதங்கள் கழித்துத்தான் அந்த போன். டெல்லி அலுவலகத்தில் அரசியல் செய்திகளுக்கு ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றார்கள்.

அரசியல் மேல் எனக்கு ஆசை வந்தது மில் வாசலில். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. தொழிற்சங்கத்தின் கேட் மீட்டிங் என்றால் என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து அழைத்துப் போவார். திரும்பி வந்ததும் அம்மா, "இன்னா பேசனாங்க?" என்று கேட்பாள். அப்பா எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "நல்லா பேசனாங்க." அம்மாவுக்கு அது போதாது. நான் எழுந்து நின்று யார் முதலில் பேசினார், யார் பேச்சுக்குக் கை தட்டினார்கள், யார் பேசும்போது எல்லாரும் பீடி பற்ற வைத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொல்வேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

போன் வந்த அன்று மத்தியானம் பஸ் பிடித்துப் பட்டறைக்கே போய்விட்டேன். அவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு வருஷம் இருந்தா போதும். அப்பறம் சென்னைக்கு மாத்திக் கேக்கலாம்னு சொல்றாங்க."

"சரி, போய்ட்டு வா."

"நீங்க?"

"நான் எங்க போறேன்? இங்கியேதான் இருப்பேன்."

அவ்வளவுதான் பேசினோம். அவருடைய முதலாளி உள்ளேயிருந்து கூப்பிட்டார், அவர் போய்விட்டார். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

டெல்லியில் நான் முதலில் கற்றுக்கொண்டது காத்திருப்பது. அரசியல் நிருபர் என்றால் தலைவர்களோடு எந்நேரமும் பேசிக்கொண்டிருப்போம் என்று வெளியே நினைக்கிறார்கள். பெரும்பாலும் மூடிய கதவுகளுக்கு வெளியேதான் நின்றோம். கட்சி அலுவலகப் புல்வெளியில், மந்திரி பங்களா வாசலில், பாராளுமன்றத்தின் நீண்ட தாழ்வாரத்தில். உள்ளே பத்துப் பேர் நாட்டின் தலைவிதியைப் பேசிக்கொண்டிருப்பார்கள். வெளியே நாங்கள் சின்னக் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டு, கதவு திறக்கும் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருப்போம். வெளியே வருபவரின் முகத்தைப் பார்த்தே முடிவைச் சொல்லிவிடலாம் என்ற அளவுக்கு ஒரு கட்டத்தில் தேறிவிட்டேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. அதே சமயம் ஊரை நினைத்து உள்ளுக்குள் ஏங்கிக்கொண்டே இருந்தேன். புதுச்சேரியில் மத்தியானம் சாய்ந்ததும் கடல் பக்கமிருந்து காற்று திரும்பும். ரெட்டியார்பாளையம் வந்து சேர்வதற்குள் அதில் உப்பு குறைந்துவிடும், ஆனாலும் வந்துவிடும். வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் தானே ஆடும். டெல்லியிலும் அதே நேரத்துக்கு என் உடம்பு அந்தக் காற்றை எதிர்பார்க்கும். கோடையில் அனல்தான் வரும். எத்தனை வருடமானாலும் உடம்பு மட்டும் ஏமாறுவதை நிறுத்தவில்லை.

தினமும் காலையில் அவர் பட்டறைக்குக் கிளம்புவதற்கு முன்னால் போனில் பேசுவோம். அரசியல் பேச மாட்டோம்.

"இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"நெத்திலி. பக்கத்து வூட்டு அக்கா குடுத்தாங்க."

"மழ பேஞ்சுதா?"

"நேத்து புடிச்சிது பாரு, இந்திரா காந்தி சிலகிட்ட முட்டி வரிக்கும் தண்ணி. வண்டிய தள்ளிகினு வந்தேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சந்திப்பில் நிற்பேன். பிறகு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு யாரோ ஒரு தலைவரின் வாசலுக்குக் கிளம்புவேன்.

இரண்டு வருடம் முடிந்தபோது கூட்டணி ஆட்சி ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. இப்போது யாரும் இடம் மாற முடியாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கும் அந்த நேரத்தில் விட்டுவிட்டு வர மனமில்லை. அதைப் போனில் சொன்னதும் அவர், "அப்ப நான் வரேன்" என்றார்.

வந்தார். முனிர்காவில் ஒரு மொட்டை மாடி அறையில் நான் குடியிருந்தேன். ஓக்லாவில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. இந்தி தெரியாது. ஆனால் இரும்புக்குப் பாஷை இல்லை என்று சிரித்துக்கொண்டே போனார். காலையில் இருவரும் சேர்ந்து கிளம்புவோம், அவர் ஒரு பஸ், நான் ஒரு பஸ். மாலையில் அவர் முதலில் வந்து சோறு வடித்து வைத்திருப்பார். குளிரில் சோறு ஆறிவிடும் என்று பானையைக் கம்பளியில் சுற்றி வைப்பார். அந்த மார்கழியில் பல் துலக்கத் தண்ணீரைத் தொட முடியாமல், "இந்த ஊருல மனுசன் எப்டிதான் ஆட்சி பண்றான்?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

குளிர் முடிவதற்குள் அவர் இளைத்துப்போனார். இரும்புக்குப் பாஷை இல்லாமல் இருக்கலாம், கூட வேலை பார்ப்பவர்களுக்கு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லாரும் சிரித்துப் பேச, இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோச்சிக்காத."

"சொல்லுங்க."

"இங்க நான் உன் வூட்டுக்காரு. அவ்ளோதான். அங்க எனக்கு ஒரு பேரு இருக்குது. எதுனா மிஷின் நின்னு போனா என்னத் தேடிகினு வருவாங்க."

அவரைத் தேடி வருவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"நீயும் வந்துடுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "உனுக்கு இங்கதான் பேரு."

அடுத்த வாரம் புதுடெல்லி ஸ்டேஷனில் அவரை ரயில் ஏற்றிவிட்டு நேராக ஒரு பத்திரிகையாளர் சந்திப்புக்குப் போனேன். மந்திரி பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த நண்பரிடம் கேட்டுத்தான் அன்றைய செய்தியை எழுதினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு வருடக் கணக்கைப் பேசவே இல்லை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை நான் ஊருக்கு வருவேன், ஒரு முறை அவர் வருவார். பிள்ளை பிறக்கும் என்று காத்திருந்தோம். பிறகு அந்தக் காத்திருப்பை இருவரும் பேசிக்கொள்ளாமலே விட்டுவிட்டோம். நான் தேர்தல் தேர்தலாக நாடெல்லாம் சுற்றினேன். பாட்னாவில் கூட்ட நெரிசலில் செருப்பைத் தொலைத்தேன், கவுகாத்தியில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டேன், ஆட்சிகள் வந்ததையும் போனதையும் பார்த்தேன். ஒரு புத்தகமும் எழுதினேன். சின்னக் கட்சிகளின் தலைவர்கள் தொலைவான ஊர்களிலிருந்து டெல்லிக்கு வந்து, பெரிய கட்சிகளின் வாசலில் என்ன பாடுபடுகிறார்கள் என்பதைப் பற்றி. விமர்சகர்கள் ஏதேதோ எழுதினார்கள். அவர் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு பக்கமாகப் படித்தார். தெரியாத ஆங்கில வார்த்தையை மறுநாள் காலை போனில் கேட்பார். படித்து முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

"முடிச்சிட்டேன்" என்றார் ஒரு நாள். "நல்லா இருக்குது. ஆனா உன் புத்தகத்துல எல்லாரும் எங்கியாவது காத்துகினே இருக்காங்களே."

"ஆமா. அதான் புத்தகமே."

"காத்துகினு இருக்கறது எப்டின்னு உனுக்கு நல்லா தெரிஞ்சிருக்குது" என்றார். கிண்டலா என்று யோசித்தேன். கிண்டல் இல்லை.

பிறகு ஒரு பொதுத்தேர்தல் வந்தது. மாதக்கணக்கில் வடக்கே அலைந்தேன். அது முடிந்த கொஞ்ச நாளில் எங்கள் ஊரிலேயே ஒரு நெருக்கடி. ஆளும் தரப்பில் சிலர் அணி மாறப்போவதாகப் பேச்சு. எங்கள் யூனியன் பிரதேசத்தை டெல்லிப் பத்திரிகைகள் திரும்பிப் பார்ப்பது இந்த மாதிரி சமயத்தில்தான். "உன் ஊர்தானே, நீயே போ" என்று ஆசிரியர் அனுப்பிவைத்தார்.

எம்.எல்.ஏ.க்கள் சிலரைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊருக்கு வெளியே ஒரு சொகுசு விடுதியில் வைத்திருந்தார்கள். விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து காரில் நேராக அந்த விடுதியின் இரும்புக் கேட்டுக்கு வந்து நின்றேன். வீட்டுக்குப் போகவில்லை. எந்த நேரம் கேட் திறக்கும் என்று தெரியாது. வெளியூர் நிருபர்கள், டிவி வண்டிகள், குடைகள் என்று ஒரு திருவிழாக் கூட்டம். வந்துவிட்டேன் என்று அவருக்கு மட்டும் போனில் சொன்னேன்.

மத்தியானம் அவரே மொபெட்டில் வந்துவிட்டார். வண்டியின் முன்பக்கம் சாப்பாட்டுக் கேரியர். என் சக நிருபர்களைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தார். கேரியரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சுறா புட்டு. சூடா இருக்குது, சாப்புடு."

இடது கையால் நீட்டினார். எனக்கு உடனே உறுத்தியது. பத்துப் பைசாவைக்கூட இடது கையால் வாங்காத மனிதர். பட்டறையில் யாராவது ஸ்பேனரை இடது கையால் கொடுத்தால் வாங்க மாட்டார்.

"ஏன் இடது கையில குடுக்கறீங்க?"

"வாங்கு மொதல்ல."

"அந்தக் கைக்கு இன்னா ஆச்சு? காட்டுங்க."

வலது கை பேண்ட் பைக்குள் இருந்தது. நான் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி இல்லை. புண் ஆறி, தோல் இளஞ்சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஆறுவதற்கே இரண்டு மாதம் ஆகியிருக்கும். அந்த இரண்டு மாதமும் தினமும் காலையில் என்னோடு குழம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எப்ப?" என்றேன்.

"அது ஆயிப்போச்சு. அப்பறம் சொல்றேன்."

அப்போது கேட் திறந்தது. ஒரு வெள்ளைக் கார் வெளியே வந்தது. பின் இருக்கையில் இருந்தது யார் என்று எனக்கு அந்தத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் என்பதில்தான் ஆட்சியே நின்றது. எல்லாரும் ஓடினார்கள். நான் இவர் கையைப் பிடித்தபடியே நின்றேன்.

"போ" என்றார் அவர்.

நான் அசையவில்லை.

"போம்மா. கார் போயிடப்போவுது. போ!"

அந்தக் கையாலேயே என் முதுகில் வைத்துத் தள்ளினார். ஓடினேன். கார் கூட்டத்தில் சிக்கி நின்றது. கண்ணாடி கீழே இறங்கியது. என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் அந்த எம்.எல்.ஏ. எந்தப் பக்கம் என்று தமிழில் கேட்டேன், தமிழில் பதில் சொன்னார். மறுநாள் முதல் பக்கத்தில் அது வேறு எந்தப் பத்திரிகையிலும் இல்லாத செய்தி. ஆசிரியர் பாராட்டினார். ஓடிய தூரமெல்லாம் என் முதுகில் அந்தக் கை இருந்ததும், அதில் விரல்கள் குறைந்திருந்ததை என் முதுகு உணர்ந்துகொண்டே இருந்ததும் செய்தியில் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் அரிசியை இடது கையால் களைந்துகொண்டிருந்தார். நான் வாங்கிச் செய்தேன். லேத்தில் துணி மாட்டிக்கொண்டதாம், ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம், பெரிய ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்தார்களாம்.

"ஏன் சொல்லல?"

"நீ எலெக்சன்ல இருந்த."

"அதனால?"

"சொன்னா வந்துடுவ. வந்துட்டா அந்த வேல போச்சு. அப்பறம் நீ இங்க ஒக்காந்து என் கையவே பாத்துகினு இருப்ப. எனக்கு அது ஆவாது."

நான் அன்று நிறையப் பேசினேன், கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில், "சோறு கொழையப் போவுது பாரு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகும் நான் டெல்லிக்குத் திரும்பினேன். மீதி விரல்களோடு அவர் வேலையைப் புதிதாகப் பழகிக்கொண்டார், முன்னைவிட மெதுவாக. நானும் முன்னைவிட அடிக்கடி ஊருக்கு வந்தேன். ஆனால் அந்தக் கேட் வாசலுக்குப் பிறகு எனக்குள் ஏதோ மாறிவிட்டது. மூடிய கதவுக்கு வெளியே நிற்கும்போது, உள்ளே என்ன நடக்கிறது என்பதைவிட, என் வீட்டில் இந்த நேரம் என்ன நடக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தேன். ஓய்வு வயதுக்குச் சில வருடங்கள் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு பெட்டி துணி, மீதியெல்லாம் புத்தகம்.

ஊர் எனக்காகக் காத்திருந்தது. காற்று, மீன், சொல்தா வீட்டு அம்மாவின் கனகாம்பரம். அவர் இன்னும் அரை நாள் பட்டறைக்குப் போகிறார். நான் இரண்டாவது புத்தகத்தை இங்கே உட்கார்ந்துதான் எழுதி முடித்தேன். இத்தனை வருடம் ஏங்கியதெல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்துவிட்டது. முதல் மார்கழி வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு, ஒரு காலையில் கண் விழித்ததும் எனக்கு டெல்லிக் குளிர் வேண்டும்போல் இருந்தது. பனிமூட்டத்தில் யாருடைய வாசலிலோ நின்று, கையைத் தேய்த்துக்கொண்டு, கதவு திறக்குமா என்று பார்க்க வேண்டும். உள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரியாமல் தவிக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. "டெல்லி ஞாபகமா?" என்றார் ஒரு நாள். "வா, போய்ட்டு வரலாம். சும்மா பாத்துட்டு வரலாம்."

போனோம். பாராளுமன்றம் புதுக் கட்டடத்துக்கு மாறியிருந்தது. என்னிடம் நுழைவு அட்டை இல்லை. தடுப்புக்கு வெளியே சாலையோரம் நின்றோம். நிருபர்கள் கழுத்தில் அட்டைகளோடு வேகவேகமாக உள்ளே போனார்கள். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. காவலர் நகரச் சொன்னார். நகர்ந்தோம். எங்கேயாவது உட்காரலாம் என்றேன். அவர், "முனிர்காவுக்குப் போலாமா?" என்றார்.

எனக்கு ஆச்சரியம். அவர் டெல்லியை விட்டுப் போனவர். அந்த ஊரைப் பற்றி ஒரு நாளும் நல்லதாகச் சொன்னதில்லை. முனிர்காவில் சந்துகளை என்னைவிட நன்றாக நினைவு வைத்திருந்தார். நாங்கள் இருந்த கட்டடம் இன்னும் இரண்டு மாடி உயர்ந்திருந்தது. எங்கள் மொட்டை மாடி அறை நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. எந்த ஜன்னல் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அவர் கழுத்தை நிமிர்த்தி வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருக்கப் புடிக்கலன்னுதானே போனீங்க?" என்றேன்.

"ஊரு புடிக்கல, வேல புடிக்கல" என்றார். "ஆனா நாம தெனமும் ஒண்ணா சாப்ட்டது இங்கதானே. ஊருல இருந்துகினு இதத்தான் நெனச்சிகினு இருப்பேன், இத்தன வருசமும்."

நான் முதலியார்பேட்டையையும் ரெட்டியார்பாளையத்தையும் நினைத்துக் கண்ணை மூடிக்கொண்ட காலைகளில், போனின் அந்தப் பக்கம் அவர் முனிர்காவை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் தேடி எதிரெதிர் ஊருக்குப் போய் நின்றிருக்கிறோம். அந்தச் சந்தில் ஒரு தள்ளுவண்டியில் வேர்க்கடலை வாங்கி, நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

போன மாதம் பழைய ஆசிரியர் பேசினார். அடுத்த தேர்தலுக்கு இரண்டு மாதம் டெல்லியில் இருந்து எழுத முடியுமா என்று கேட்டார். என் கணவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம். போறதுன்னா போய்ட்டு வா" என்றார், அன்று பட்டறை வாசலில் சொன்ன அதே குரலில். நான் யோசித்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் வருத்தம் ஏதுமில்லை.

ஆனால் கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் டிவியை நிறுத்த முடிவதில்லை. மந்திரி வந்து மைக் முன்னால் நிற்பார். அவர் பேசுவதை நான் கேட்பதில்லை. அவருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பாதி திறந்த கதவு ஒன்று தெரியும். அதிலிருந்து யார் வெளியே வருகிறார்கள், முகம் எப்படி இருக்கிறது என்று எழுந்து போய் டிவியின் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.